பெயரை எடுப்பதற்கு முன்னால்: மலேசியாவில் பிள்ளைக்கு வீட்டுக்கல்வியைச் சட்டப்படி தொடங்குவது எப்படி

என் கொழுந்தனார் ஒரு நாள் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு கடிதம் அனுப்பினார். "அண்ணி, இதை அப்படியே டைப் பண்ணிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள், மறுநாளிலிருந்து பாப்பாவை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்றார். படித்தேன். நாலே வரி. பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குங்கள், இனி அவள் படிப்புக்கு நாங்களே பொறுப்பு, நன்றி, வணக்கம். இங்கிலாந்தில் யாரோ எழுதிய கடிதம் அது. அங்கே அது செல்லும், சாதாரணப் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பள்ளி பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். இங்கே செந்தூலில் அதே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தலைமையாசிரியர் உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுப்பார், பெயரை எடுக்க மாட்டார். எடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை.

இணையத்தில் கிடைக்கிற ஆலோசனைகளில் பாதிக்குமேல் இந்த மாதிரி வெளியூர்ச் சரக்குதான், அதை நம்பிப் பிள்ளையை நிறுத்திவிட்டு அப்புறம் எச்சரிக்கைக் கடிதத்தோடு ஓடிவருகிற பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன். அதனால் நாங்கள் போன பாதையை வைத்து, நம் ஊருக்கு எது பொருந்துமோ அதை மட்டும் எழுதுகிறேன். எங்கள் மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது வலிப்பு கூடிப்போய், வாரத்தில் இரண்டு நாள்கூட வகுப்பில் உட்கார முடியாத நிலை. அங்கிருந்து தொடங்கியது.

முதலில் சட்டம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 29ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிறகு திருத்தமாகச் சேர்த்தது, 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. மலேசியாவில் வசிக்கிற மலேசியக் குடிமகனான ஒவ்வொரு பெற்றோரும், அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று பிள்ளைக்கு ஆறு வயது ஆகியிருந்தால் தொடக்கப்பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும், கட்டாயக் கல்விக் காலம் முடியும்வரை பிள்ளை அங்கே மாணவராக இருக்கவும் வேண்டும். மீறினால் குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. குற்றம் யார்மேல் என்பதைப் பாருங்கள், பள்ளியின்மேல் அல்ல, டியூஷன் நடத்துகிறவர்மேல் அல்ல, நம்மேல்.

அதே பிரிவில்தான் கதவும் இருக்கிறது. ஒரு மாணவருக்கோ ஒரு வகை மாணவர்களுக்கோ கட்டாயக் கல்வியிலிருந்து விலக்குக் கொடுக்கக் கல்வி அமைச்சருக்கு அதிகாரம் உண்டு, நிபந்தனையோடும் கொடுக்கலாம், நிபந்தனை இல்லாமலும் கொடுக்கலாம். ஆக, இங்கே சட்டப்படி வீட்டுக்கல்வி என்றால் அந்த விலக்கைக் கேட்டு வாங்குவதுதான். மேற்கத்திய நாடுகளில் சில இடங்களில் தெரிவித்தால் போதும், இங்கே அனுமதி வேண்டும். கவுண்டரில் கேட்கும்போது 'ஹோம்ஸ்கூலிங்' என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள், 'பெங்கெச்சுவாலியான் பெண்டிடிகான் வாஜிப்' என்று சொல்லுங்கள், கட்டாயக் கல்வி விலக்கு என்று பொருள். நான் முதல் தடவை போனபோது இந்தச் சொல் தெரியாமல் ஒரு காலை முழுவதும் வீணானது.

பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயர் போவதற்கு இன்னும் இரண்டு வழி உண்டு, அவற்றை இதோடு போட்டுக் குழப்பக்கூடாது. ஒன்று மாற்றம், 'பெர்துக்காரான்', ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போவது. இன்னொன்று பிள்ளை சும்மா நின்றுவிடுவது, அதைத்தான் இலாகாவில் 'கெச்சிச்சிரான்' என்று கணக்கில் எழுதுவார்கள், படிப்பை விட்டவர் என்று. விலக்குக் கடிதம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கிற பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அரசாங்கத்தின் பார்வையில் அந்தக் கணக்கில்தான் விழும். பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து காரணம் சொல்லாமல் வராவிட்டால் முதல் 'சூராட் அமாரான்', அதாவது எச்சரிக்கைக் கடிதம், வீட்டுக்கு வரும், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. வகுப்பாசிரியருக்கு நம்மேல் கோபம் இருந்து அனுப்புவதில்லை, அனுப்பாவிட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும்.

சரி, யாருக்கு விலக்குக் கிடைக்கும்? என் கணிப்பைச் சொல்கிறேன். மருத்துவக் காரணம்தான் வலுவான காரணம். தீராத நோய், அடிக்கடி மருத்துவமனைவாசம், பள்ளிச் சூழலே ஆபத்தாகிவிடுகிற உடல்நிலை, சில சிறப்புத் தேவைகள். "பள்ளிப் பாடம் மெதுவாகப் போகிறது", "எங்களுக்கு இந்தக் கல்விமுறையில் நம்பிக்கை இல்லை", "அடிக்கடி பயணம் செய்கிறோம்" என்று எழுதினால் அதிகாரி படித்துவிட்டு, வேறு பள்ளிக்கு மாற்றுங்கள் அல்லது தனியார் பள்ளியில் சேருங்கள் என்பார், அதில் தவறும் இல்லை. பகடிவதைக்காக வெளியே எடுக்க நினைக்கிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, முதலில் பள்ளி மாற்றம். கோலாலம்பூரில் பதினைந்து தமிழ்ப்பள்ளி இருக்கிறது, பினாங்கில் இருபத்தெட்டு. மாற்றத்துக்கு அமைச்சர்வரை போக வேண்டாம், சில வாரத்தில் வேலை முடியும், பிள்ளைக்கும் அன்றாடம் அந்த முகங்களைப் பார்க்கிற கொடுமை உடனே நிற்கும். பதிவு பெற்ற தனியார் பள்ளியோ அனைத்துலகப் பள்ளியோ கட்டுப்படியானால் அதுவும் மாற்றம்தான், சட்டப் பிரச்சினை இல்லை.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளை என்றால் வீட்டுக்கு எடுப்பதற்குமுன் இன்னொன்றைப் பாருங்கள். 2019 முதல் 'சீரோ ரிஜெக்ட்' கொள்கை இருக்கிறது, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. உள்ளே நுழைந்த பிறகு என்ன கிடைக்கிறது என்பது வேறு கதை, அது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆனாலும் பி.பி.கே.ஐ. வகுப்பு (சாதாரணப் பள்ளிக்குள்ளேயே நடக்கிற சிறப்புக் கல்வி வகுப்பு) இருக்கிற பள்ளி எது என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு, அது சரிவரவில்லை என்று எழுத்தில் காட்ட முடிந்தால் உங்கள் விண்ணப்பத்துக்கே அது பலம். நீண்டநாள் மருத்துவமனையில் இருக்கிற பிள்ளைகளுக்கு 2011-இல் தொடங்கிய மருத்துவமனைப் பள்ளித் திட்டமும் இருக்கிறது, 'செக்கோலா டாலாம் ஹாஸ்பிட்டல்' என்று கேளுங்கள். எங்கள் மகள் வார்டில் கிடந்த நாள்களில் அந்த ஆசிரியர்கள் கணிதம் சொல்லிக் கொடுத்தார்கள், சிகிச்சைக்கு வந்த இடத்தில் அவள் ஏழாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு வீடு திரும்பினாள்.

இனி 'ஹோம்ஸ்கூல் சென்டர்' விஷயம். கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்குத் தீவிலும் கடைவீட்டு மேல்மாடியில், பங்களாவில் என்று எங்கு பார்த்தாலும் இப்படி ஒரு பலகை தொங்குகிறது. சிலவற்றில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பல மையங்கள் டியூஷன் மையமாகவோ வெறும் வியாபாரப் பதிவாகவோ இருக்கின்றன, தொடக்கப்பள்ளியாகப் பதிவு இல்லை. அங்கே கட்டணம் கட்டிச் சேர்த்துவிட்டதால் உங்கள் எட்டு வயதுப் பிள்ளை 'பள்ளியில் சேர்ந்த' பிள்ளை ஆகிவிடாது. ஒரு மையத்தில் விசாரிக்கப் போனபோது அங்கிருந்த அம்மாள், "பேப்பர் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் சிஸ்டர், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றார். எந்தப் பேப்பர் என்று கேட்டேன். ரசீது. அவ்வளவுதான். ஆகவே மையத்துக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது: எந்த வகைக் கல்வி நிலையமாகக் கல்வி இலாகாவில் பதிவு செய்திருக்கிறீர்கள், சான்றிதழைக் காட்டுங்கள். சுவரில் மாட்டியிருக்க வேண்டிய விஷயம் அது. பள்ளி என்று போட்டிருந்தால் சரி, டியூஷன் என்று போட்டிருந்தால் அது டியூஷன்தான். அமைச்சிடம் விலக்குக் கேட்கும்போது, பிள்ளை உங்கள் சொந்த வீட்டில், உங்கள் பொறுப்பில் படிக்கப் போகிறது என்று காட்டுவதுதான் விண்ணப்பத்தின் உயிர். வீட்டுக்கல்வி என்று எழுதிவிட்டு மைய முகவரியைப் போடாதீர்கள்.

விண்ணப்பத்துக்கு வருவோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவ அறிக்கை, ஏனென்றால் அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். கிளினிக்கில் வாங்கிய எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) போதாது, அரசு மருத்துவமனை நிபுணர் எழுதியது இருந்தால் நல்லது. அறிக்கையை மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் பாரம் நிரப்பிப் பணம் கட்டிக் கேட்க வேண்டும், கேட்ட அன்றே கொடுக்க மாட்டார்கள், வாரக்கணக்கில் ஆகும். எங்களுக்கு வந்த முதல் அறிக்கையில் "இந்தப் பிள்ளைக்கு வலிப்பு நோய் உள்ளது, தொடர் சிகிச்சையில் உள்ளார்" என்று இரண்டு வரி. அதைப் பார்த்த அதிகாரி நியாயமாகத்தான் கேட்டார், "வலிப்பு உள்ள எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களே, உங்கள் மகள் ஏன் போக முடியாது?" திரும்பப் போய் டாக்டரிடம் சொன்னோம். அவர் எழுதிய இரண்டாவது அறிக்கையில் வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வெயிலும் களைப்பும் தூக்கக் குறைவும் எப்படித் தூண்டுகின்றன, மருந்தை மாற்றுகிற இந்தக் காலத்தில் பக்கத்திலேயே பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டும், குறைந்தது எவ்வளவு காலத்துக்கு என்று எல்லாம் இருந்தது. வேலை செய்தது அந்த இரண்டாவது அறிக்கைதான். டாக்டரைச் சந்திக்கும்போதே, என்ன நோய் என்பதோடு நிற்காமல் பள்ளியில் இருப்பது ஏன் முடியாது என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர்களுக்கு நேரம் இல்லை, கேட்டால்தான் எழுதுவார்கள். நான் வீட்டில் வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தில், எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று ஆறு மாதக் கணக்கு இருந்தது, அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அப்புறம் கடிதம். மலாய் மொழியில் எழுதுங்கள், ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. உணர்ச்சிவசப்பட்டு எழுத வேண்டாம், நான் முதலில் எழுதியது மூன்று பக்கம், என் கணவர் படித்துவிட்டு "இது விண்ணப்பமா தொடர்கதையா?" என்றார். பிள்ளையின் பெயர், பிறப்புப் பத்திர எண், மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) எண், இப்போது படிக்கிற பள்ளி, ஆண்டு. என்ன காரணத்துக்காக விலக்கு, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு காலத்துக்கு. யார் சொல்லிக் கொடுக்கப் போகிறார், அவர் என்ன படித்திருக்கிறார், அவர் முழு நேரமும் வீட்டில் இருக்கிறாரா. கடைசிக் கேள்வி முக்கியம், இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போய்விட்டுப் பாட்டியிடம் விடப் போகிறோம் என்றால் அந்த விண்ணப்பம் நகராது. நான் வங்கி வேலையை விட்ட கடிதத்தின் பிரதியையும் வைத்தேன். கூடவே பெற்றோர் இருவரின் ஐசி (அடையாள அட்டை), பிள்ளையின் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), திருமணச் சான்றிதழ், முகவரிக்கு மின்சார பில், கல்விச் சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கை, ஓ.கே.யு. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) இருந்தால் அது, பள்ளியின் கடைசி மதிப்பீட்டு அறிக்கை.

பாடத்திட்டமும் இணைக்க வேண்டும், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வாங்கிய அழகான புத்தகப் பெட்டியின் படத்தை வைத்து அனுப்பாதீர்கள். தேசியக் கலைத்திட்டத்தை, அதாவது கே.எஸ்.எஸ்.ஆர்-ஐ, அடிப்படையாகக் காட்டுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆண்டுவாரியாக டி.எஸ்.கே.பி. என்கிற தர ஆவணம் இருக்கிறது, கலைத்திட்டப் பிரிவின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், தமிழ்மொழிக்கும் உண்டு. அதை வைத்து வார அட்டவணை ஒன்று போட்டு, மலாய், ஆங்கிலம், தமிழ், கணிதம், அறிவியல், நன்னெறி, எதை எந்த நாள் எத்தனை மணி நேரம், எப்படி மதிப்பிடுவோம் என்று இரண்டு பக்கத்தில் எழுதினோம். 2027-இல் புதிய கலைத்திட்டம் தொடங்குவதாக அமைச்சு அறிவித்திருக்கிறது, ஆகவே பழைய ஆவணத்தை அக்காளிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளாமல் உங்கள் பிள்ளையின் ஆண்டுக்கு எது நடப்போ அதை எடுங்கள்.

தலைமையாசிரியரை எப்போது பார்ப்பது? விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்னால். கடிதம் மேலே போன பிறகு இலாகாவிலிருந்து பள்ளிக்கு விசாரணை வந்து, அப்போதுதான் அவருக்கு விஷயம் தெரிகிறது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது. அவருக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் இல்லை என்றாலும் அவருடைய ஆதரவுக் கடிதம் விண்ணப்பத்தில் கனமான காகிதம். ஒன்றைப் புரிந்துகொண்டு போங்கள். 150-க்குக் கீழே மாணவர் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறார்கள், தமிழ்ப்பள்ளிகளில் அந்த வகையில் நிறைய உண்டு, ஒவ்வொரு பெயரும் அவர்களுக்கு எண்ணிக்கை. எங்கள் தலைமையாசிரியர் வெளிப்படையாகவே சொன்னார், "அம்மா, நீங்கள் ஒருத்தியை எடுத்தால் எனக்கு ஒரு வகுப்பே ஆட்டம் காணும்." வருத்தமாகத்தான் இருந்தது. அதே மனிதர்தான் பிறகு, எந்தெந்த நாள் மகளுக்கு வகுப்பில் வலிப்பு வந்தது, ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று பள்ளிப் பதிவிலிருந்து எடுத்து இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தார்.

கொடுக்கும் இடம் மாவட்டக் கல்வி அலுவலகம். கோலாலம்பூரில் அதற்கு 'பெஜாபாட் பெண்டிடிகான் விலாயா' என்று பெயர், பங்சார்-புடு, கெராமாட், செந்தூல் என்று மூன்று. பினாங்கில் தீவில் வடகிழக்கு, தென்மேற்கு, பெருநிலத்தில் செபராங் பிறை வடக்கு, மத்தி, தெற்கு என்று ஐந்து. நீங்கள் குடியிருக்கிற இடத்தைவிடப் பிள்ளையின் பள்ளி எந்த அலுவலகத்தின்கீழ் வருகிறது என்பதை முதலில் கேளுங்கள், கோப்பு பள்ளியோடுதான் போகும். அங்கிருந்து மாநில இலாகா, அங்கிருந்து புத்ராஜெயா. முடிவு அமைச்சில். இடையில் யாராவது வாய்மொழியாக "ஆகிவிட்டது, பரவாயில்லை, நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் நம்ப வேண்டாம், கடிதம் கையில் வர வேண்டும்.

இங்கே எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. ஓர் அலுவலகத்தில் முழுக் கோப்பையும் கொடுத்துவிட்டு வந்தோம், இரண்டு மாதம் கழித்து அழைத்தால் அப்படி ஒரு கோப்பே வரவில்லை என்றார்கள். வாங்கிய ஆள் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டார். பெற்றுக்கொண்டதற்குச் சான்று என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, மறுபடி உறுதிப்படுத்தி, மறுபடி முதலிலிருந்து. அதனால்: எப்போதும் இரண்டு பிரதி, ஒன்றில் தேதியோடு 'தெரிமா' (பெறப்பட்டது) முத்திரை குத்தி வாங்குங்கள், குத்திய ஆளின் பெயரைப் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்த அன்றே அதே கோப்பை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மரியாதையாக ஒரு மின்னஞ்சல், "எங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது" என்று. மாதம் ஒரு முறை நேரில் தலையைக் காட்டினாலும் தப்பில்லை, முகம் தெரிந்த கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும் என்பது என் அனுபவம்.

எங்களுக்கு மொத்தம் ஏழு மாதம் ஆனது. இந்த ஏழு மாதம்தான் சிக்கலே, இதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டோமே என்று பிள்ளையை நிறுத்த முடியாது, விலக்கு வரும்வரை அவள் அந்தப் பள்ளியின் மாணவி. முடிந்த நாள் போனாள், முடியாத நாள் ஒவ்வொன்றுக்கும் எம்.சி. அல்லது மருத்துவமனைச் சந்திப்பு அட்டையின் பிரதி, அன்றைக்கே வகுப்பாசிரியருக்குப் புலனத்தில் படம், பிறகு அசல். ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, ஓய்வு நேரம்வரை மட்டும் வகுப்பில் உட்கார வைத்து அழைத்து வந்த நாள்களும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அந்த வாரப் பயிற்சித் தாள்களை வாங்கி வருவேன். ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட எங்களுக்கு வரவில்லை. என் மாமியாருக்குத்தான் இது எதுவும் பிடிக்கவில்லை, "போகிறதென்றால் போகணும், இல்லையென்றால் நிறுத்தணும், இது என்ன அரைகுறையாக" என்று தினமும் ஒரு பாட்டு. அரைகுறைதான், என்ன செய்வது.

கடிதம் வந்ததும் முதல் வேலை அதில் உள்ள நிபந்தனைகளைப் படிப்பது. எங்களுடையதில் காலவரை இருந்தது, முடிவதற்குமுன் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவிட்டுத்தான் கொழுந்தனாருக்கே செய்தி சொன்னேன். பிறகு பிரதியைப் பள்ளியில் கொடுத்து, கடனாகக் கொடுத்த பாடநூல்களைத் திருப்பி, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பாக்கி இருந்தால் கட்டி, பள்ளியை விட்டதற்கான சான்றிதழ், 'சிஜில் பெர்ஹெந்தி', மதிப்பீட்டுப் பதிவுகள் எல்லாம் வாங்குங்கள். பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கே திரும்ப நேர்ந்தால் இவைதான் கேட்பார்கள். இழப்பதும் சில உண்டு: ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கிற 150 ரிங்கிட் தொடக்க உதவி, சிறப்புத் தேவை மாணவர் படி இருந்தால் அது, அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான டெலிமாவின் மாணவர் கணக்கு. அந்தக் கணக்கில் பிள்ளை செய்த வேலைகள், சேமித்த கோப்புகள் இருந்தால் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், கணக்கு மூடிய பிறகு அழுது பயனில்லை.

வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதை இங்கே நீட்டப் போவதில்லை. ஒன்று மட்டும், பதிவு வையுங்கள். தேதி போட்ட நோட்டு, மாதம் ஒரு சிறு சோதனை, செய்தவற்றின் படங்கள். அதிகாரி வந்து பார்க்கலாம், புதுப்பிக்கும்போதும் இதைத்தான் கேட்பார்கள். துன் ரசாக் சாலைத் தேசிய நூலகம், புக்கிட் கியாராவில் அறிவியல் மையம், பினாங்கில் இருந்தால் கிரீன் லேன் டிஜிட்டல் நூலகம், கொம்தாரில் டெக் டோம், இங்கெல்லாம் போய் வந்த டிக்கெட்டுகளைக்கூட ஒட்டி வைத்திருக்கிறேன். வார நாள் காலையில் அங்கே கூட்டமே இருக்காது, பள்ளி விடுமுறையில் மட்டும் போய்ப் பழகியவர்களுக்கு அது ஒரு சுகம்.

பெரிய வகுப்புக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம். முன்பெல்லாம் பல குடும்பங்கள் போட்ட கணக்கு, ஆறாம் ஆண்டு முடியட்டும், கட்டாயம் தொடக்கப்பள்ளியோடு சரி, அப்புறம் வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்பது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025-இல் மக்களவையில் நிறைவேறிவிட்டது, ஆகவே அந்தப் பழைய கணக்கை நம்பி இறங்காதீர்கள், உங்கள் பிள்ளை படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டுக்கு, போகும் ஆண்டைச் சொல்லி அலுவலகத்தில் எழுத்திலேயே கேளுங்கள். தேர்வைப் பொறுத்தவரை ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். 2021-இல் ஒழிந்தது, மூன்றாம் படிவத்தில் எழுதிய பிடி3 2022-இல் ஒழிந்தது. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்-ஐத் தனியார் தேர்வராக எழுதலாம். மலாய் மொழியும் வரலாறும் தேறாமல் சான்றிதழ் இல்லை என்பதை முதல் நாளிலிருந்தே நினைவில் வையுங்கள், வீட்டில் ஆங்கிலத்திலேயே படிக்கிற பிள்ளைகள் இடறுகிற இடம் இந்த இரண்டும்தான். ஐ.ஜி.சி.எஸ்.இ. என்கிற பிரிட்டிஷ் முறை அனைத்துலகத் தேர்வு வேண்டுமானால் பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகத் தனியார் தேர்வராகப் பதியலாம், பரிசோதனைக் கூடம் இல்லாதவர்களுக்கு கேம்பிரிட்ஜ் அறிவியலில் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தாள் ஒன்று உண்டு. ஆனால் பாடத்துக்குப் பாடம் காசு. அதை எழுதினாலும் எஸ்.பி.எம். மலாய்த் தாளைத் தனியாக எழுதி வைத்துவிடுங்கள், அரசுப் பல்கலைக்கழகம், அரசு வேலை என்று பின்னால் எந்தப் பேச்சு வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

தமிழ். இதையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து எடுத்த பிள்ளைக்கு அன்றாடம் ஐந்து மணி நேரம் காதில் விழுந்துகொண்டிருந்த தமிழ் ஒரே நாளில் நின்றுபோகிறது. அட்டவணையில் வாரம் இரண்டு மணி நேரம் என்று எழுதினால் அது நிரப்பாது. எங்கள் வீட்டில் கணிதமும் அறிவியலும் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கிறேன், பள்ளியில் எப்படிப் படித்தாளோ அப்படி, கலைச்சொற்களுக்குப் பழைய பாடநூல் போதும். மாமியாருக்குத் தினமும் ஒரு நாளிதழ்ச் செய்தியைப் படித்துக் காட்டுவது அவள் வேலை. எஸ்.பி.எம்-இல் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டு தாளும் தனியார் தேர்வருக்கும் உண்டு, அந்த எண்ணத்தோடு இப்போதே வழி போட்டு வைத்திருக்கிறோம்.

விலக்குக் கடிதத்தின் ஒரு பிரதி காரில் இருக்கிறது. வார நாளில் காலை பத்து மணிக்குப் பிள்ளையோடு சந்தையில் நின்றால் யாராவது கேட்பார்கள், ஏன் இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா என்று. அவர்களுக்குக் காட்ட அல்ல அது. இன்னொரு பிரதி குழந்தை மருத்துவரின் கோப்பில், அசல் நெகிழி உறையில் போட்டு சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறையில், புதுப்பிக்க வேண்டிய தேதி உறையின்மேல் சிவப்பு மையில். தேதிக்கு நான்கு மாதம் முன்னாலேயே புதிய மருத்துவ அறிக்கைக்குப் பதிவுப் பிரிவில் பணம் கட்டிவிட வேண்டும்.